பயறும் பால்மரமும்

ஈப்போ நகரத்து அங்காடிக்கு விடியற்காலையிற் செல்லும் நம்மவர், அங்கே பலகைத் தட்டுகளில் வெள்ளை வெளேரென்று அடுக்கப்பட்டிருக்கும் தௌஃபூக் கட்டிகளைக் கண்டிருப்பர். அவற்றின் அருகே இலையில் மடித்த தெம்பே, புட்டிகளில் நிறைத்த கருநிறக் கிச்சாப்பு, இனிப்பிட்ட சோயாப்பால், பாகு ஊற்றி உண்ணும் மிருதுவான தௌஃபூ ஃபா ஆகியவையும் விலைக்கு இருக்கும். நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் இவை ஒன்றுக்கொன்று உறவில்லாதனபோற் காணப்படினும் உண்மையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. சோயா என்னும் சிறு பயறே அத்தாய். ஈப்போவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தௌகே முளையையும் சிலர் இக்குடும்பத்திற் சேர்த்து விடுகின்றனர், அது பிழை. ஈப்போத் தௌகே நம் வீடுகளிற் புழங்கும் பாசிப்பயற்றின் முளையேயன்றிச் சோயாவின் முளை அன்று.

ஒரு பொருளை நாள்தோறும் உண்டும், அதன் வரலாற்றை அறியாதிருத்தல் பெருங்குற்றம் ஆகாது. ஆனால் இப்பயற்றின் வரலாறு, பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால்மரத்தின் வரலாற்றோடு வியக்கத்தக்க முறையிற் பின்னிக் கிடக்கின்றது. மரம் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. பயறு கிழக்கிலிருந்து மேற்கே சென்றது. மரத்தை வளர்த்தவர் கையில் மிஞ்சியது என்ன? பயற்றை ஆராய்ந்தவர் கையில் மிஞ்சியது என்ன? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பின், தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்துவிட்ட நம் மக்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும் என்பது நம் துணிபு. அதன்பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அடுக்களையிற் பிறந்த கலை

சோயாவின் தாயகம் சீனம். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே சீனத்து வடபகுதி உழவர் இதனைப் பயிரிட்டனர். இதன் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துப் பயிருக்கு உணவாக்குகின்றன. ஆதலின் இது மண்ணின் உரத்தை உறிஞ்சுவதில் மற்றப் பயிர்களினும் குறைந்தது. உலர்ந்த பயற்றில் நூற்றுக்கு 36 முதல் 40 பங்குவரை புரதமும், ஏறக்குறைய 20 பங்கு எண்ணெயும் உள்ளன. துவரையிலும் உளுந்திலும் உள்ள புரதம் ஏறக்குறைய 20 முதல் 25 பங்கே என்பதை நினைவிற் கொண்டால் இப்பயற்றின் வளம் எளிதில் விளங்கும்.

ஆயினும் இயற்கை இவ்வளத்தைப் பூட்டியே வைத்திருக்கின்றது. பச்சைச் சோயாவில், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உளது. நன்றாக வேகவைத்தால் அது அழியும். வெந்த பிறகும் பயறு கடினமாய் வயிற்றுக்குப் பளுவாகவே இருக்கும். இப்பூட்டைத் திறந்தவர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். பெயர் தெரியாத சமையற்காரரும் குடும்பப் பெண்களுமே. பயற்றை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பால் எடுத்தனர். அப்பாலைக் காய்ச்சி, அதிற் சிறிது ஜிப்சத் தூளையோ கடலுப்பினின்று வடியும் கசப்பு நீரையோ கலந்து திரைய வைத்து, துணியிற் கட்டிப் பளு ஏற்றித் தௌஃபூ ஆக்கினர். பிழிந்தெடுத்த சக்கை பன்றிக்கும் மாட்டிற்கும் தீனி ஆயிற்று. வேறு சிலர் வெந்த பயற்றோடு கோதுமை மாவைக் கலந்து பூஞ்சணம் பூக்கச் செய்து, உப்பு நீரிலே பல மாதம் ஊறவிட்டுக் கிச்சாப்பு எடுத்தனர். சாவகத் தீவினரோ தோல் நீக்கி வேகவைத்த பயற்றின்மேல் மற்றொரு பூஞ்சணத்தை ஏற்றி, ஓரிரு நாளில் அது வெண்ணிற வலைபோற் பின்னிக்கொள்ளத் தெம்பே செய்தனர். அரிசியையும் உளுந்தையும் அரைத்துப் புளிக்கவைத்து இட்டிலியும் தோசையும் சுடும் நமக்கு இக்கலை புதிதன்று. கண்ணுக்குத் தெரியா உயிர்களை வேலை வாங்கும் அதே கலைதான் இது.

1880-ஆம் ஆண்டுகளிற் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். ஈயக் கொல்லைகளைச் சுற்றிக் கடைத்தெருக்கள் எழுந்தன. ஈப்போ சிற்றூர் நிலையிலிருந்து நகரம் ஆயிற்று. அம்மக்கள் தங்கள் மொழியோடும் தெய்வங்களோடும் இப்பயற்றுக் கலையையும் உடன் கொணர்ந்தனர். சாவகத்திலிருந்து குடியேறியோர் தெம்பேயைக் கொணர்ந்தனர். இவ்வாறாகச் சோயா பேராக் மண்ணில் விளையாமலே பேராக் மக்களின் உணவாயிற்று. இன்றும் இந்நாட்டிற்கு வேண்டிய சோயா ஏறக்குறைய முழுதும் கடல் கடந்தே வருகின்றது.

அண்டை வீட்டார் அறிவு

இங்கே நம் வாசகர் அறிய வேண்டிய மருத்துவச் செய்தி ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி என்னும் நோய் பெருங்கொலை புரிந்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் நின்று மாண்டோர் பலர். அவர்களிற் பெரும்பாலோர் சுரங்கங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்த சீனத் தொழிலாளர். அதே காலத்தில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. காரணம் யாது? தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. பிராடன் என்னும் மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். பிளெட்சர் என்னும் மற்றொரு மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவ நிலையத்தில் ஒரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் மற்றொரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் அளித்துச் சோதித்து அதனை உறுதிப்படுத்தினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. அச்சத்துக்கு வைட்டமின் என்ற பெயர் வழங்குவதற்கு முன்னரே நம் பாட்டிமார் அதனைப் பானையிற் காத்து வந்தனர்.

எனவே, அண்டை அண்டையாய் வாழ்ந்த இரு மக்களிடத்தும் ஒவ்வோர் அறிவு இருந்தது. ஒருவரிடம் புழுங்கலரிசி; மற்றவரிடம் பயற்றுப் புரதம். சோற்றில் குறைவாக உள்ள புரதக்கூறு பயற்றில் மிகுதியாக உண்டு. பயற்றில் குறைவது சோற்றில் உண்டு. இரண்டும் ஒரு தட்டிற் சேர்ந்திருப்பின் ஏழைத் தொழிலாளியின் உடல் உரம் பெற்றிருக்கும். ஆனால் நடந்தது என்ன? தௌஃபூவைக் கண்டால் ‘அது சீனன் தீனி’ என்று நம்மவர் முகஞ்சுளித்தனர். நம் உணவைக் கண்டு அவர்களும் அவ்வாறே ஒதுங்கினர். லயத்து வீட்டில் சோறும் கருவாடும் நீர்த்த பருப்புக் குழம்புமாகக் காலம் கழிந்தது; மிஞ்சிய காசு கள்ளுக்கடைக்குச் சென்றது. இவன் தொட்டதை அவன் உண்ணான், அவன் உண்பதை இவன் தொடான் என்னும் பழக்கத்தை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்தவர்கள் நாம். அப்பழக்கம் கோயில் வாயிலில் மட்டும் அன்று, அடுப்படியிலும் நமக்குக் கேடு செய்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தாயகத்திலும் இப்பயற்றைப்பற்றிய முயற்சி நடவாமல் இல்லை. 1935-இல் காந்தியார் வார்தாவிலுள்ள மகன்வாடியில் தம்முடன் இருந்தோர்க்குச் சோயாவை உணவிற் சேர்த்துப் பார்த்து, தம் ‘அரிஜன்’ இதழில் அதுபற்றி எழுதினார். எனினும் பல ஆண்டுகள் கழித்தே இந்தியாவில், சிறப்பாக மத்தியப் பிரதேசத்தில், அது பெரும் பயிராயிற்று. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் மாவைத் துண்டுகளாக்கி, தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ‘மீல் மேக்கர்’ என்று விற்பது இப்பயற்றின் பிற்காலத்துத் தமிழ்ப் பிறவியாகும்.

இரண்டு பயணங்கள்

இனிப் பால்மரத்தின் கதைக்கு வருவோம். 1876-இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டுத் தபசோஸ் ஆற்றங்கரைக் காடுகளிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பவரின் தோட்டத்தில் நடப்பட்டன. அக்காலத்து மரம் என்று போற்றப்படும் முதுமரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கின்றது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையைக் கையாளத் தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே கப்பலேறினர். பிரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரஞ்சீவி, மங்கு மங்காகப் பால் சேர்த்த அவர்கள் வரலாறு நாம் எழுதித் தெரிய வேண்டுவதன்று.

பயற்றின் பயணம் எதிர்த்திசையிற் சென்றது. 1882-இல் பிரேசில் நாட்டின் பாகியாவில் சோயா சோதனைப் பயிராக விதைக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டளவில் மஞ்சூரியாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சோயா இங்கிலாந்துக்குச் சென்றது. அங்குள்ள ஆலைகள் அதன் எண்ணெயைச் சவர்க்காரத்திற்கும் செயற்கை வெண்ணெய்க்கும் பயன்படுத்தி, பிண்ணாக்கை மாடுகளுக்கு இட்டன. உண்ணும் பொருளாயிருந்தது தொழிற்சாலைப் பொருளாகவும் ஆயிற்று. 1923-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து லாக்ஸ் என்பவர் சோயா மாவிலிருந்து பசை செய்தார். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் பிளைவுட் தொழில் அப்பசையால் மேலைக் கடற்கரையில் வளர்ந்தது.

இவ்விரு பொருள்களுக்கும் உள்ள வேற்றுமையை ஆழ்ந்து நோக்குக. ரப்பருக்கும் பயன்கள் ஆயிரம் உண்டு. ஆனால் அப்பயன்கள் யாவும் நம் தோட்டத்திலிருந்து நெடுந்தூரத்திலுள்ள ஆலைகளிலேயே பிறந்தன. தோட்டத்தில் இருந்தவனுக்குத் தெரிந்த பயன் ஒன்றே: பாலை உறையவைத்துத் தாளாக்கி விற்பது. வாங்குவோன் விலையை உயர்த்தினால் வாழ்வு, தாழ்த்தினால் தாழ்வு. 1910-இல் இலண்டனில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேலே விற்றது. 1932-இல் ஏறக்குறைய இரண்டே பென்ஸுக்கு இறங்கிற்று. அவ்வீழ்ச்சியில், 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் வேலையின்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மரம் பால் தர மறுக்கவில்லை. தொழிலாளி உழைக்க மறுக்கவில்லை. ஆயினும் அவன் கப்பலேறினான். சோயாக்காரன் நிலையோ வேறு. எண்ணெய் விலை விழுந்தாற் பிண்ணாக்கு உண்டு. அதுவும் விழுந்தாற் பயற்றையே அவித்து உண்ணலாம். ரப்பரை உண்ண முடியுமோ?

ஃபோர்டின் இரண்டு கனவுகள்

இவ்விரு பொருள்களும் ஒரே மனிதர் கையில் வந்து சேர்ந்த விந்தையும் நிகழ்ந்தது. மோட்டார் வண்டி மன்னர் ஹென்றி ஃபோர்டுக்குத் தம் வண்டிச் சக்கரங்களுக்கு மலேயா ரப்பரை நம்பியிருப்பது பிடிக்கவில்லை. 1922 முதல் 1928 வரை ஆங்கில அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டத்தால் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்த முயன்றது. அதனால் ஃபோர்டு, விக்காம் விதை எடுத்த அதே தபசோஸ் ஆற்றங்கரையில் 1928-இல் ஃபோர்டுலாந்தியா என்னும் பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். பால்மரத்தின் பிறந்த வீடாகிய அங்கே இலைக்கருகல் நோயும் உண்டு. நெருக்கி நட்ட மரங்களை அது அழித்தது. தொழிலாளர் மனநிலையை அறியாத மேலாட்சியும் கலகத்தை விளைத்தது. இறுதியில் 1945-இல் தோட்டம் பிரேசில் அரசாங்கத்துக்கே விற்கப்பட்டது. அந்நோய் நம் நாட்டிற்கு வாராமையே மலேயா ரப்பரின் செல்வத்துக்குப் பெருங்காரணம் என்பதையும் இங்கே குறிப்போம்.

அவர் கண்ட மற்றொரு கனவு சோயா. டியர்பார்ன் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் ராபர்ட் பாயர் என்னும் இளைஞர் தலைமையில் இப்பயற்றை ஆராயச் செய்தார். எண்ணெயிலிருந்து வண்டிக்கு மெருகு வண்ணமும், புரத மாவிலிருந்து பிளாஸ்டிக்கு பொத்தான்களும் கைப்பிடிகளும் வந்தன. 1934-இல் சிக்காகோப் பொருட்காட்சியில், முதற் பண்டம் முதல் இறுதிப் பண்டம் வரை சோயாவே கலந்த விருந்து ஒன்றைப் பத்திரிகையாளர்க்கு அளித்தார். 1941-இல் தாவரப் பொருள் கலந்த பிளாஸ்டிக்குத் தகடுகளால் மூடிய மோட்டார் வண்டி ஒன்றைக் காட்டினார். சோயா நூலிற் கலந்து நெய்த உடையையும் அணிந்து நின்றார். அவ்வண்டி விற்பனைக்கு வரவில்லை. அவ்வுடையும் கடைக்கு வரவில்லை. ஆயினும் கழனியில் விளைவது ஆலைக்கும் உணவாகும் என்னும் எண்ணம் உலகில் வேரூன்றியது.

போர்க்காலம்

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை ஈப்போவுக்குள் நுழைந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா வாங்கிவந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இப்பகுதி நாடுகளிலிருந்தே சென்றதாகலின் அந்நாடு திகைத்தது. இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் இருந்த அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் சோயா எண்ணெய் முதலியவற்றிலிருந்து ‘நோரெப்பால்’ என்னும் ரப்பர் போன்ற பொருளைச் செய்தனர். சக்கரங்களுக்குப் போதிய வலிமை அதற்கு இல்லை. சில்லறைப் பொருள்களுக்கே அது பயன்பட்டது. பெட்ரோலியத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் எடுத்த செயற்கை ரப்பர் பெருகியதும் அது மறைந்தது. ஆயினும் அந்நிகழ்ச்சி நமக்கு எவ்வளவோ உணர்த்துகின்றது. நம் தோட்டத்து மரம் ஊமையான அன்றே, கடலுக்கு அப்பால் அதற்கு மாற்றுத் தேடும் மூளைகள் விழித்துக்கொண்டன. போர் முடிந்த பின்னும் செயற்கை ரப்பர் விலகவில்லை. இயற்கை ரப்பரின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

அக்காலத்தில் நம் மக்கள் நிலை என்ன? வாங்குவோர் இன்றித் தோட்ட வேலை பெரும்பாலும் நின்றது. அரிசி அருமையாயிற்று, மரவள்ளிக்கிழங்கே பலர்க்கு மூன்று வேளை உணவு. கிழங்கு வயிற்றை நிரப்புமேயன்றிப் புரதம் தராது. ஊட்டமின்றி உடல் வீங்கியோர் பலர். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டு மீளாதோர் பல்லாயிரவர். அதே வேளையில் சாவகத்துச் சிறை முகாம்களில் டச்சு மருத்துவர்கள் ஒன்றைக் கண்டனர்: வயிற்றுக்கடுப்பால் நலிந்த கைதிகளுக்கு அவித்த சோயா செரிக்கவில்லை, அதே பயற்றைத் தெம்பேயாக்கிக் கொடுத்தபோது செரித்தது. சாவகத்து ஏழைப் பெண் இலையில் மடித்த உணவே உயிர் காத்தது.

அடிமையின் பேரன்

சோயாவின் தொழிற்பயன்களை வளர்த்தோருள் நாம் சிறப்பாகப் போற்ற வேண்டியவர் பெர்சி ஜூலியன். 1899-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாயிருந்தோர் வழியில் பிறந்தவர். கறுப்பு நிறத்தவர் என்பதனாலேயே கல்வியிலும் பதவியிலும் பல கதவுகள் அவர்க்கு அடைக்கப்பட்டன. 1936-இல் சிக்காகோவிலுள்ள கிளிடன் என்னும் வண்ணத் தொழிற்சாலை அவரைச் சோயா ஆராய்ச்சிக்குத் தலைவராக்கிற்று. காகிதத்துக்கு மெருகூட்டும் சோயாப் புரதத்தை அவர் தலைமையில் பிரித்தெடுத்தனர். அப்புரதத்தினின்று பிறந்த நுரை, போர்க்கப்பல்களில் எண்ணெயிற் பற்றிய தீயை மூடி அணைத்து மாலுமிகளைக் காத்தது.

ஒருநாள் பெருந்தொட்டியில் இருந்த சோயா எண்ணெயில் தண்ணீர் கசிந்து, வெண்ணிறப் படிவம் உண்டாயிற்று. எண்ணெய் கெட்டுவிட்டதென்று மற்றவர் கலங்கினர். ஜூலியனோ அப்படிவம் ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் அரிய பொருள் எனக் கண்டுகொண்டார். அதிலிருந்து, கருச்சிதைவு நேராமற் காக்கப் பெண்களுக்குக் கொடுத்துவந்த புரோஜெஸ்டெரோன் என்னும் சுரப்புப் பொருளை மிகுதியாகச் செய்ய வழி பிறந்தது. மூட்டுவலி மருந்தாகிய கார்டிசோனை மலிவாக்கும் முயற்சியிலும் அவர் பங்கு பெரிது. இத்தகைய பெருமகன் 1950-இல் சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் வீடு வாங்கியபோது, வெறியர் அவ்வீட்டுக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டு வெடி வீசினர். அவர் அஞ்சி ஓடவில்லை. 1973-இல் அந்நாட்டு விஞ்ஞானப் பேரவை அவரை உறுப்பினராக ஏற்றது. பிறப்பால் மனிதனை அளப்பவர் எந்நாட்டிலும் உளர். அறிவால் அவ்வளவுகோலை முறித்தவரும் எந்நாட்டிலும் உளர்.

இன்றைய நிலை

இன்று சோயா இல்லாத தொழிற்சாலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிட்டாயிலும் செயற்கை வெண்ணெயிலும் எண்ணெயும் நீரும் பிரியாமற் காப்பது இதன் லெசித்தின். 1987-இல் அமெரிக்காவின் சீடார் ராப்பிட்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று சோயா எண்ணெய் மையில் அச்சாயிற்று. இன்று அம்மை பல அச்சகங்களிற் பழக்கம். மெழுகுவர்த்தி, வண்ணம், மெத்தை நுரை, டீசலுக்கு மாற்றான எரிபொருள் ஆகியவற்றிலும் இவ்வெண்ணெய் புகுந்துவிட்டது. 2017-இல் குட்இயர் நிறுவனம் மோட்டார்ச் சக்கரத்து ரப்பரிற் பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதிலாகச் சோயா எண்ணெயைக் கலந்தது. மரமும் பயறும் இறுதியில் ஒரே சக்கரத்திற் கலந்துவிட்டன!

பேராக்கின் பால்மரங்கள் பல வெட்டப்பட்டு, அவ்விடத்திற் செம்பனை நின்றபோதும் சோயா நம்மைத் தொடர்ந்தது. உலகச் சந்தையில் செம்பனை எண்ணெய்க்குப் பெரும் போட்டி சோயா எண்ணெயே. 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா உழவர் சங்கத்தார், வெப்ப நாட்டு எண்ணெய்கள் உடலுக்குத் தீங்கு என்று பெரும் பிரசாரம் செய்தனர். மலேசியா அதனை எதிர்த்து நின்றது.

பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் வெப்ப நிலத்துக்கேற்ற சோயா வகைகளைக் கண்டனர். யொகன்னா டோபரைனர் என்னும் அம்மையார், வேர் நுண்ணுயிர்களைக் கொண்டே விலை உயர்ந்த உரமின்றி விளைக்கும் வழியை வளர்த்தார். இன்று உலகில் மிகுதியாகச் சோயா விளைப்பது பிரேசிலே. விக்காமின் விதைகள் எடுக்கப்பட்ட தபசோஸ் ஆறு அமேசானில் கலக்கும் சாந்தரெம் நகரிலே, 2003-இல் சோயா ஏற்றும் துறை திறக்கப்பட்டது. பால்மர விதை போன வழியே இன்று சோயாக் கப்பல் போகின்றது.

ஆயினும் பல பயன் உடைமையால் மட்டும் உழைப்பவன் உயர்ந்துவிடுவான் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே காடுகள் அழிக்கப்பட்டன. பெருநிலக்காரர் கையிற் செல்வம் குவிந்தது. உலகத்துச் சோயாவில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு மனிதர்க்கன்றிக் கால்நடைத் தீனிக்கே போகின்றது. நிலம் ஒருவனுக்கும் உழைப்பு மற்றொருவனுக்கும் என்னும் ஏற்பாடு இருக்கும்வரை எப்பயிரும் தோட்டக்காட்டுப் பயிரே ஆகும்.

நாம் செய்யத்தக்கது

அங்ஙனமாயின் நமக்குரிய பாடம் யாது? பொருளின் மதிப்பு, அதன் பயனைக் கண்டு செய்பவனிடமே தங்குகின்றது என்பதே. தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்தோம், அப்பாலிலிருந்து ஒரு கையுறையேனும் ஒரு செருப்பேனும் செய்யும் தொழிலை நமக்கு யாரும் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லயம் இடிந்தபோது, சீவுகத்தியைத் தவிரக் கையில் வேறொன்றும் இல்லாமல் ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தோர் எத்துணைக் குடும்பத்தினர்! அதே ஈப்போவிலே, ஒரு சாக்குப் பயற்றையும் ஓர் அடுப்பையும் கொண்டு தௌஃபூ ஃபா செய்து மக்களைப் படிக்கவைத்த குடும்பங்களும் உள.

நம்மவர்க்கு இத்திறம் இல்லை என்று சொல்வது பொய். புந்தோங்கிலுள்ள கச்சாங் பூத்தேக் கிராமத்தைச் சென்று காணுங்கள். கடலை, பட்டாணி, முறுக்கு முதலியவற்றை வறுத்தும் பொரித்தும் நாடெங்கும் அனுப்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே உள்ளன. பயற்றிலிருந்து பண்டமும், பண்டத்திலிருந்து சொந்தத் தொழிலும் உண்டாக்கியோர் அவர்கள். அவ்வழியில் இன்னும் பலர் செல்லத் தடை என்ன? தெம்பே செய்வதற்குப் பெருமுதல் வேண்டா. நல்ல வித்தும், தூய்மையும், பொறுமையும் போதும்.

பெற்றோர்க்கு இரண்டு சொற்கள் கூறி முடிப்போம். அண்டை வீட்டாரின் உணவைச் சாதி கேட்டு, இனம் கேட்டு ஒதுக்காதீர். அதிலுள்ள அறிவைக் கேட்டு வாங்குங்கள், உங்களிடம் உள்ளதைக் கொடுங்கள். உங்கள் பிள்ளை பள்ளியில் இரசாயனம் படிக்க விரும்பினால், ‘நமக்கு எதற்கு?’ என்று தடுக்காதீர். அடிமையின் பேரன் எண்ணெய்த் தொட்டியின் அழுக்கில் மருந்தைக் கண்டான். பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு எது தெரியும் என்று யார் அறிவார்? அவர்கள் பார்ப்பதற்குக் கதவைத் திறந்து விடுவது நம் கடன்.